பெற்றோர் கையொப்பம்

ஏழுமலை உட்காரவில்லை. "இருக்கட்டுங்க டீச்சர், சட்டையெல்லாம் கரியா கீது" என்று சொல்லிவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே கையிலிருந்த படிவத்தை என் முன்னால் வைத்தார்.

முதல் ஷிஃப்ட் முடிந்து நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தார். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியை அள்ளிப் போடுகிற கான்ட்ராக்ட் வேலை அவருக்கு. எங்கள் ஊர் நிலக்கரி கறுப்பு இல்லை, பழுப்பு. முகம் கழுவிவிட்டுத்தான் வந்திருந்தார். ஆனாலும் காது மடலின் மடிப்புகளில் அந்தப் பழுப்பு தங்கியிருந்தது.

நெய்வேலியைப் பற்றி இந்தத் தொடரில் இத்தனை வாரங்களாக எழுதிக்கொண்டிருக்கிறேன். குவார்ட்டர்ஸ் பற்றி, தோட்டத்துப் பலாமரம் பற்றி, கொடியில் காயும் துணிமேல் விழும் சாம்பல் பற்றியெல்லாம் எழுதியாயிற்று. பள்ளிக்கூடம் என்று வரும்போது மட்டும் அந்தச் சனிக்கிழமை மத்தியானத்தைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போய்விடுவேன். இருபது வருடத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். செய்த தவறுகளில் எழுதத் தயங்குவது இந்த ஒன்றுதான்.

"பவித்ரா இந்த ஸ்பெஷல் கிளாஸ்ல சேரணும்னு சொல்லிகினே இருக்குதுங்க. எனக்கு ஒண்ணும் புரியல. சேக்கலாமா வேணாமா, நீங்களே சொல்லுங்க டீச்சர்."

அவர் கேட்டது அவ்வளவுதான்.

நாற்பது இடங்கள்

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து ஒரு சிறப்புப் பிரிவு தொடங்கியிருந்தார்கள். மருத்துவம், பொறியியல் நுழைவுத் தேர்வுகளுக்கு அப்போதிருந்தே தயார் செய்யும் பிரிவு. மற்ற வகுப்புகள் நாலு மணிக்கு முடியும். இவர்களுக்கு ஆறரை வரை. சனிக்கிழமை தோறும் தேர்வு. திங்கட்கிழமை காலையில் ரேங்க் வரிசை நோட்டீஸ் போர்டில்.

எட்டாம் வகுப்பின் கடைசியில் அதற்கு ஒரு நுழைவுத் தேர்வு உண்டு. எண்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் எழுதினார்கள். எழுதியவர்கள் எல்லோருடைய வீட்டுக்கும் ஒரு படிவம் போகும். பிள்ளை என்ன மார்க் வாங்கியது, எத்தனையாவது இடம் என்பதை மட்டும் அதில் எழுதாமல், ஆசிரியர் பெற்றோரிடம் நேரில் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குள் தேவையில்லாத ஒப்பீடு வந்துவிடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அதே பிள்ளைகளின் ரேங்க்கைத்தான் பிறகு வாராவாரம் போர்டில் ஒட்டினோம். அது எங்களுக்கு அப்போது வேடிக்கையாகத் தெரியவில்லை.

தேர்வைத் திருத்தி வரிசைப்படுத்தும் பொறுப்பு என்னுடையது. அந்த வரிசை என் மேசை இழுப்பறையில் இருந்தது. நாற்பது இடம். யாராவது வேண்டாம் என்றால் நாற்பத்தொன்றாவது பிள்ளை உள்ளே வரும்.

நாற்பத்தொன்றாவது என் மகள் கயல்விழி.

ஏழுமலையிடம் சொன்னது

பவித்ரா முதல் பத்துக்குள் இருந்தாள். கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஆனால் நான் சொல்லித்தராத வழியில் கணக்கைப் போட்டு, சரியான விடைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிற பெண். எட்டாம் வகுப்பு முழுக்க மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். கேட்டால்தான் பதில் சொல்வாள்.

இதையெல்லாம் நான் ஏழுமலையிடம் சொல்லியிருக்க வேண்டும். இழுப்பறையைத் திறந்து தாளை அவர் பக்கம் திருப்பிக் காட்டியிருந்தால் போதும்.

"நல்லாத்தான் எழுதியிருக்கா" என்றேன். "ஆனா யோசிச்சுக்கோங்க. ஆறரைக்குத்தான் விடுவாங்க. உங்க ஊருக்கு பஸ் ஏறி, மெயின் ரோட்டுல இறங்கி, அங்கேருந்து நடக்கணும். பொம்பளைப் பிள்ளை. இருட்டிடும்."

"ஆமாங்க. எனக்கு செகண்ட் ஷிஃப்ட்டு வந்துச்சின்னா கூப்பிட்டுக்கினு வர ஆளில்ல."

"படிப்பும் ரொம்ப நெருக்கும். தாங்காத பிள்ளைங்க இருக்கு. சாதாரண வகுப்புல இருந்தாலும் நல்லாத்தான் வருவா."

நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அவர் ஊர் கம்மாபுரம் பக்கம். சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டது போக மிச்சமிருக்கிற ஊர். மெயின் ரோட்டிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியில் விளக்கு கிடையாது. இதை எனக்குச் சொன்னதே பவித்ராதான்.

ஏழுமலை படிவத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"நீங்க சொன்னா சரிதாங்க டீச்சர். உங்களுக்குத் தெரியாததா."

அவர் போன பிறகு ஸ்டாஃப் ரூமில் ஸ்டெல்லா மிஸ் மட்டும் இருந்தார். எட்டாம் வகுப்பு பி பிரிவுக்கு வகுப்பாசிரியை. கயலும் பவித்ராவும் அவர் வகுப்புதான். நான் பேசியதை அவர் கேட்டிருந்தார். திருத்திக்கொண்டிருந்த நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "பவித்ரா எத்தனையாவது மிஸ்?" என்று கேட்டார்.

சொன்னேன்.

அவர் அடுத்த நோட்டை எடுத்துக்கொண்டார்.

கயல் கேட்ட கேள்வி

எங்கள் வீட்டுக்கும் ஒரு படிவம் வந்திருந்தது. மாணவர் பெயர், வகுப்பு, வகுப்பாசிரியர் பரிந்துரை, பெற்றோர் கையொப்பம். நான்கே கட்டங்கள்.

வகுப்பாசிரியர் பரிந்துரைக் கட்டத்தில் ஸ்டெல்லா மிஸ் தெளிவான எழுத்தில், 'சாதாரணப் பிரிவே பொருத்தம்' என்று எழுதியிருந்தார். முதல் நாளே என்னிடம் நேரிலும் சொல்லியிருந்தார். "கயலுக்கு வேணாம் மிஸ். அவளுக்குப் பிடிக்கலை. என்கிட்ட வந்து அழுதா."

"உங்ககிட்டயா அழுதா? என்கிட்ட சொல்லலையே."

"உங்ககிட்ட எப்படி மிஸ் சொல்லுவா?"

எனக்குக் கோபம் வந்தது. என் பிள்ளையைப் பற்றி எனக்குத் தெரியாதது இவருக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். பரிந்துரை என்பது வெறும் பரிந்துரைதான், பெற்றோர் கையொப்பமே இறுதி என்று படிவத்தின் அடியில் அச்சடித்திருந்தது. அந்த வரியைச் சேர்க்கச் சொன்ன கமிட்டியில் நானும் இருந்தேன்.

கயலுக்கு அப்போது பதின்மூன்று வயது. வீட்டில் ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டாள். யாரைப் போல வேண்டுமானாலும் பேசிக் காட்டுவாள். ஷிஃப்ட் பஸ்ஸில் இடம் பிடிக்கச் சண்டை போடுகிறவர்கள், ஒலிபெருக்கியில் பேசும் பள்ளி முதல்வர், காய்கறி வண்டிக்காரர், எல்லாருக்கும் மேலாக நான். "எழுதியாச்சா? எழுதியாச்சா? எழுதாதவங்க எழுந்து நில்லுங்க" என்று என் குரலில் அவள் சொன்னால், தெர்மல் மின்நிலையத்தில் ஷிஃப்ட் முடித்துவிட்டுப் படுத்திருக்கும் அவள் அப்பா போர்வைக்குள்ளிருந்தே சிரிப்பார்.

அன்று அவள் பேசிக் காட்டவில்லை. குளித்த தலையைத் துவட்டாமல் வந்து சாப்பாட்டு மேசை அருகே நின்றாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டிப் படிவத்தின் மேல் விழுந்தது.

"அம்மா, இதுல என் கையெழுத்துக்கு இடமே இல்லையா?"

"நீ மைனர்டி" என்றேன் சிரித்துக்கொண்டே.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர், "அம்மாவே டீச்சரு. உனக்கு எது நல்லதுன்னு அவளுக்குத் தெரியாதா?" என்றார். ஏழுமலை சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை.

கையெழுத்துப் போட்டேன்.

என் அப்பா

இந்த இடத்தில் ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். சமாதானம் தேடுவதற்காகச் சொல்லவில்லை. எங்கிருந்து எனக்கு அந்த வேகம் வந்தது என்பதற்காக.

என் அப்பா திண்டுக்கல் பக்கத்திலிருந்து இங்கே கிளார்க்காக வந்தவர். நான் இந்த டவுன்ஷிப்பிலேயே பிறந்து வளர்ந்தவள். ஆறாம் வகுப்பு போகும்போது வெளியூரில் ஒரு உண்டு உறைவிடப் பள்ளிக்குத் தேர்வு எழுதினேன். முடிவு வரவேயில்லை. தேறவில்லை போல என்று நானே முடிவு செய்துகொண்டு கொஞ்ச நாள் அழுதேன். பிறகு மறந்தும் போனேன்.

எனக்குக் கல்யாணம் ஆன பிறகு, அப்பா ரிட்டையராகி குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது, இரும்புப் பெட்டியில் பழைய காகிதங்களோடு ஒரு கடிதம் கிடைத்தது. நான் தேர்வாகியிருந்தேன். இந்தத் தேதிக்குள் வந்து சேரவும் என்று எழுதியிருந்தது.

அப்பாவிடம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தார். "சின்னப் பிள்ளைய எப்படிம்மா அவ்ளோ தூரம் அனுப்புறது?" என்றார். அவர் குரலில் குற்ற உணர்ச்சியெல்லாம் இல்லை. நேற்று எடுத்த முடிவைச் சொல்வது போலத்தான் சொன்னார்.

அன்றைக்கு நான் மனதுக்குள் முடிவு கட்டினேன், என் பிள்ளைக்கு எந்த வாசலையும் நான் அடைக்கமாட்டேன் என்று. அந்தப் பிள்ளைக்கு அந்த வாசலுக்குள் போக விருப்பம் இல்லாமலும் இருக்கலாம் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்னொருவர் பிள்ளைக்கு நான் என்ன செய்தேன் என்பதும்தான்.

முப்பத்தொன்பது, நாற்பது, முப்பத்தெட்டு

முதல் மாதத்திலேயே கயலுக்கு வயிற்று வலி ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரும், சனிக்கிழமை தேர்வு முடிந்ததும் போய்விடும். மருத்துவமனையில் எல்லாச் சோதனையும் செய்தார்கள், ஒன்றும் இல்லை என்றார்கள். நான் மிளகாயைக் குறைத்தேன்.

ரேங்க் முப்பத்தொன்பது. அடுத்த வாரம் நாற்பது. பிறகு முப்பத்தெட்டு. மறுபடி நாற்பது. நோட்டீஸ் போர்டு ஸ்டாஃப் ரூமுக்கு எதிரேயே இருந்தது. திங்கட்கிழமைகளில் நான் அந்தப் பக்கம் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டேன். கயலால் அப்படி நடக்க முடியாது. அவள் வகுப்பு வாசலே அந்தப் போர்டுக்குப் பக்கத்தில்தான்.

வீட்டில் பேச்சு குறைந்தது. சாப்பிட்ட தட்டை எடுத்து வைப்பாள், புத்தகத்தைத் திறப்பாள், கேட்டதற்குப் பதில் சொல்வாள். ஒருநாள் அவள் அப்பா, "என்னம்மா, முதல்வர் லீவா? பேசவே காணோம்?" என்று கேட்டார். அவள் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஹோம்வொர்க் இருக்குப்பா" என்றாள். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. எங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஸ்டெல்லா மிஸ் ஒரே ஒரு தடவை கேட்டார். "இன்னும் டைம் இருக்கு மிஸ். மாத்திடலாமே?"

"பழகிடும் மிஸ்" என்றேன்.

நாற்பத்தெட்டு

சிறப்புப் பிரிவுக்குக் கணக்குத் தேர்வுத் தாளையும் விடைக்குறிப்பையும் நான்தான் தயாரிப்பேன். வியாழக்கிழமை சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து எழுதி, ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் போட்டுப் பள்ளிக்கூடப் பையில் வைத்துவிடுவேன்.

இரண்டாம் பருவத்தில் ஒரு வாரம் முக்கோணப் பரப்பளவு கேட்டிருந்தேன். பக்கங்கள் பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து. பரப்பளவு எண்பத்துநான்கு. அவசரத்தில் விடைக்குறிப்பில் இலக்கத்தை மாற்றி நாற்பத்தெட்டு என்று எழுதிவிட்டேன். சனிக்கிழமை தேர்வு நடக்கும்போதுதான் கவனித்தேன். திருத்திக்கொண்டேன். வேறு யாரும் அந்தத் தாளைப் பார்த்திருக்க வழியில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை விடைத்தாள்களைத் திருத்த உட்கார்ந்தேன். கயலுடைய தாள் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. எப்போதும் நாலைந்து கணக்கை விட்டுவிடுகிற பெண் ஒன்றைக்கூட விடவில்லை. கையில் சிவப்புப் பேனா தானாகவே டிக் போட்டுக்கொண்டு போனது. மனசு லேசாகிக்கொண்டே வந்தது.

முக்கோணக் கணக்கு வந்தது. ஒவ்வொரு படியும் அழகாக எழுதியிருந்தாள். கடைசி வரியில் நாற்பத்தெட்டு.

அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். சுரங்கத்தில் எங்கோ வெடி வைத்தார்கள் போல, ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்து அடங்கியது. சமையலறையில் கயல் தண்ணீர் குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைக்கும் சத்தம் கேட்டது.

கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நான் நாற்பத்தெட்டுக்கு டிக் போட்டேன். முழு மார்க் கொடுத்தேன். அந்தத் தாளை எடுத்துக் கட்டுக்கு நடுவில் செருகினேன்.

அந்த வாரம் கயல் பன்னிரண்டாவது இடம்.

அடுத்த வியாழக்கிழமை ஃபைலை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவியை அதிலேயே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன். மறந்துதான் விட்டேன் என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். இப்போது நம்பவில்லை.

அந்த வாரம் கயல் ஒன்பதாவது.

ஒரு ஞாயிறு மத்தியானம்

முதல் பத்துப் பேரை யூனிஃபார்மில் புகைப்படம் எடுத்துப் பள்ளி நுழைவாயிலில் மாட்டப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. திங்கட்கிழமை எடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் கொல்லையில் துணிகளைச் சாம்பல் போக உதறி மடித்துக்கொண்டிருந்தேன். கயல் வந்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான் போட்டோவுக்கு நிக்கமாட்டேன்."

"ஏன்டி? எவ்ளோ பெருமை."

"அம்மா, உனக்கு அந்த முக்கோணக் கணக்கு ஞாபகம் இருக்கா?"

என் கையில் அவளுடைய யூனிஃபார்ம் சட்டை இருந்தது. அதையே மறுபடி உதறினேன்.

"அது எண்பத்திநாலுன்னு எனக்குத் தெரியும்மா. நானே போட்டுப் பார்த்தேன். தெரிஞ்சேதான் நாற்பத்தெட்டுன்னு எழுதினேன்."

"தெரிஞ்சேவா? எதுக்கு?"

"நீ பார்த்ததும் கண்டுபிடிச்சிருவேன்னு நெனச்சேன். அடிப்ப, திட்டுவ, அப்புறம் அந்த கிளாஸ்லேர்ந்து எடுத்துருவேன்னு." அவள் அழவில்லை. வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்வதுபோல ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள். "நீ டிக் போட்டுட்டம்மா. ரெண்டு நாள் உன் மூஞ்சியவே பார்த்துகிட்டிருந்தேன். நீ கேட்கவே இல்ல. அதுக்கடுத்த வாரம் சாவியையும் வெச்சுட்டுப் போயிட்ட."

அவளைத் தொடப் போனேன். அவள் விலகவில்லை. விலகியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். என் கை தோளில் படும்வரை அப்படியே நின்றாள், எடுக்கும்வரை அப்படியே நின்றாள்.

பிறகு

திங்கட்கிழமை காலை முதல்வரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கயல் விடைக்குறிப்பைப் பார்த்து எழுதியதை, நான் டிக் போட்டதை. அவர் கதவைச் சாத்தச் சொன்னார். வெளியே தெரிந்தால் பள்ளியின் பெயர் கெடும் என்றார். கயலைச் சாதாரணப் பிரிவுக்கு மாற்றினார்கள். எனக்கு ஒரு மெமோ வந்தது. சிறப்புப் பிரிவிலிருந்து எடுத்துவிட்டு ஆறாம், ஏழாம் வகுப்புகள் கொடுத்தார்கள். அது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

காரணம் யாருக்கும் தெரியாததால் பிள்ளைகள் ஒரு காரணத்தைச் செய்துகொண்டார்கள். தாக்குப்பிடிக்க முடியாமல் வந்துவிட்டாள் என்று. நாங்கள் அதை மறுக்கவில்லை. வயிற்று வலி நின்றுபோனது. முடி மறுபடி வளர்ந்தது. யாரைப் போலவும் பேசிக் காட்டுவது மட்டும் திரும்பி வரவில்லை.

காலியான இடத்துக்குப் பவித்ராவைச் சேர்க்க முடியுமா என்று ஸ்டெல்லா மிஸ் முதல்வரிடம் கேட்டிருக்கிறார். பாதிப் பாடம் முடிந்துவிட்டது, இனி முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த வருடம் முழுக்க அந்தப் பிரிவில் முப்பத்தொன்பது பேர்தான்.

இப்போதும் பெற்றோர்கள் என்னிடம் வந்து கேட்கிறார்கள், இதுபோன்ற வகுப்புகளில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று. இதை யார் முடிவு செய்ய வேண்டும் என்று எனக்கு இன்றும் நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளையிடம் முழுதாக விட்டுவிட முடியாது. ஆசிரியர் சொல்வதைக் கேட்கலாம் என்றால், நானும் ஓர் ஆசிரியைதான். பெற்றோருக்குத் தெரியும் என்றால், எனக்கு என்ன தெரிந்திருந்தது? பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொல்கிறேன். பாதிப் பேர் வருவதில்லை.

கயல் இப்போது வெளியூரில் கல்லூரியில் இருக்கிறாள். என்ன படிப்பு, எந்தக் கல்லூரி என்று நானும் அவள் அப்பாவும் கேட்கவில்லை. அவளே சொன்னாள், நாங்கள் கையெழுத்துப் போட்டோம். இதை எழுதட்டுமா என்று போனில் கேட்டேன். "இதுக்காவது கேட்டியே" என்றாள். பிறகு, "எழுதும்மா. பேரை மாத்த வேணாம்" என்றாள்.

கம்மாபுரம் பக்கம்

பவித்ராவும் கயலும் பத்தாம் வகுப்பு முடித்த வருடம், பதினொன்றாம் வகுப்பின் சேர்க்கைப் பட்டியலை ஒட்டியிருந்தார்கள். கணக்குப் பிரிவில் பவித்ராவின் பெயரைத் தேடினேன், காணோம். உயிரியல் பிரிவிலும் இல்லை. கடைசித் தாளில், கணக்கே இல்லாத வரலாற்றுப் பிரிவில் இருந்தது.

ஸ்டெல்லா மிஸ்ஸிடம் கேட்டேன். "அவளுக்குக் கணக்கு பத்தாதுன்னு நீங்க சொன்னீங்களாமே மிஸ்" என்றார். "எட்டாம் கிளாஸ்லயே சொன்னீங்களாம். நானும் பேசிப் பார்த்தேன். உங்க வார்த்தைக்கு மேல என் வார்த்தைய அவ எடுத்துக்கல."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை வீட்டைத் தேடிக்கொண்டு போனேன். மெயின் ரோட்டில் இறங்கி நடந்தேன். ஒரு பக்கம் முந்திரி, மறு பக்கம் சுரங்கத்திலிருந்து தோண்டிக் கொட்டிய மண் மலைபோல நின்றது. அதன்மேல் முள்மரங்கள் முளைத்திருந்தன. அந்த மண்ணுக்கு அடியில் தன்னுடைய ஒன்றரைக் காணி நிலம் கிடக்கிறது என்று ஏழுமலை பிறகு சொன்னார். கம்ப்ளெயின்ட் மாதிரி இல்லை, வழி சொல்வது போலச் சொன்னார்.

சிமென்ட் ஷீட் போட்ட வீடு. வாசலில் பிளாஸ்டிக் பக்கெட்டில் துணி ஊறிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஏழுமலை பனியனுக்கு மேல் அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். பவித்ரா உயரமாகியிருந்தாள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அப்பாவுக்குப் பின்னால் நின்றாள்.

"கணக்கு குரூப் ஏன் எடுக்கலை?" என்று கேட்டேன்.

பதிலை ஏழுமலைதான் சொன்னார். "அந்த வருஷம் ஏன் கையெழுத்து போடலன்னு கேட்டுகினே இருந்துச்சிங்க. டீச்சர் வேணாம்னுட்டாங்க, தாங்காதுன்னாங்கன்னு சொன்னேன். அப்ப எனக்கு அவ்ளோதான் அறிவுபோலன்னு நெனச்சிகினா. அப்பறம் கணக்கு புஸ்தகத்த எடுத்தாலே ஒரு பயம்ங்க. பத்தாவது எப்படியோ பாஸ் பண்ணிக்கினா."

நான் செம்பைக் கீழே வைத்தேன். பஸ்ஸில் வரும்போது சொல்லவேண்டியதை நினைத்து நினைத்து வைத்திருந்தேன். இருட்டும் வழி, செகண்ட் ஷிஃப்ட், படிப்பின் நெருக்கடி என்று. அதில் எதையும் சொல்ல முடியவில்லை.

"உங்க பொண்ணுக்கு இடம் இருந்துச்சு. நல்ல இடம். நான் உங்ககிட்ட சொல்லலை. நீங்க வேணாம்னு போனதாலதான் என் பொண்ணுக்கு அந்த இடம் கிடைச்சுது. அது எனக்கு அப்பவே தெரியும்."

ஏழுமலை என்னையே பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்தது கோபம் இல்லை. கேட்டது சரிதானா என்று தெரியாதவரின் முகம். மகள் பக்கம் திரும்பினார், அவள்தான் இதை அவருக்கு விளக்க வேண்டும் என்பதுபோல.

பவித்ரா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"நான் எத்தனையாவது மிஸ்?"

"ஏழாவது."

"எண்பது பேர்லயா?"

"ஆமா."

அவள் தலையை மெதுவாக ஆட்டினாள். பிறகு சமையல் அறைப் பக்கம் முகத்தைத் திருப்பிக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, நான் ஏழாவது வந்தேனாம்."

உள்ளே பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "எதுலடி?" என்று அவள் அம்மா கேட்டாள்.

பவித்ரா கொஞ்சம் யோசித்தாள்.

"அது பழசும்மா" என்றாள்.